நீரில் உறங்கும் நெல்லும் விண்வெளிக் கதைகளும்

ஆசிரியருக்கு,

அறிவியல் புனைகதைகளில் விண்கலப் பயணிகளை ஆண்டுக்கணக்கில் உறங்க வைக்கிறார்கள். அந்த உறக்கத்தின் விதிகளை நம் டெல்டா வயலிலேயே படிக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய சாதாரண நெற்பயிர் காற்றைத் தேடி மளமளவென நீளும். சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டு, நீர் வடிந்ததும் துவண்டு சாயும். 2006-இல் அடையாளம் காணப்பட்ட சப்1ஏ மரபணு உள்ள பயிர் அப்படியல்ல. வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காத்து, வடிந்தபின் துளிர்க்கிறது. ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து கிடைத்த அந்த மரபணு, நமக்குப் பழக்கமான சிஆர் 1009 ரகத்திலும் சேர்க்கப்பட்டுவிட்டது.

கதை எழுதுவோர் பார்க்க வேண்டியது இதன் எல்லையை. இரண்டு வாரத்தைத் தாண்டினால் இந்தப் பயிரும் அழுகும். கலங்கல் நீரில் வெளிச்சம் குறைவதால் இன்னும் சீக்கிரமே. உறக்கத்திலும் சத்து கரைகிறது, மெதுவாக. 40 ஆண்டு உறங்கிய கதாநாயகன் எழுந்ததும் ஓடுகிறான் என்றால், அத்தனை காலமும் அவன் உடல் எதைக் கொண்டு பிழைத்தது? செவ்வாயிலிருந்து வீட்டாரோடு உடனுக்குடன் பேசுவதும் இதே வகைப் பிழை. ஒரு சொல் பூமிக்கு வந்துசேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வேளாண் விஞ்ஞானிகளையும் கதாசிரியர்களையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள்.

– வாசகர், மன்னார்குடி