முன் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

போன கிழமை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பிள்ளைகளைக் காரில் ஏற்றும் இடத்தில் வைத்து அவர்களின் குளிர் உடுப்பைக் கழற்ற வேண்டாம், பிள்ளைக்குக் குளிர் பிடிக்கும், பின்னால் நிற்பவர்களுக்கும் தாமதம் என்று எழுதியிருந்தீர்கள். பெயர் போடவில்லை. ஆனால் அது யாரைப் பற்றியது என்று அன்று மாலை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோரும் பார்க்கக் கண்டித்தீர்கள், அதனால் எல்லோரும் பார்க்கவே பதிலும் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். மாலை 4:30 மணியிலிருந்து 6 மணி வரை உங்கள் முன் மண்டபத்தைப் பெற்றோருக்குத் திறந்துவிடுங்கள். பிள்ளையின் ஸ்னோ சூட்டை, அதாவது உடம்பு முழுவதையும் மூடும் அந்தத் தடித்த பனி உடுப்பை, கதகதப்பான இடத்தில் கழற்றிவிட்டுக் காருக்குக் கொண்டுபோக ஒரு பத்து நிமிடம் தாருங்கள்.

ஏன் கழற்றுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பஞ்சு வைத்த ஜாக்கெட்டோடும் ஸ்னோ சூட்டோடும் பிள்ளையைக் கார் சீட்டில், அதாவது காரில் பிள்ளைக்கென்று பொருத்தும் தனி இருக்கையில், கட்டக் கூடாது என்று கனடா போக்குவரத்துத் துறை சொல்கிறது, ஒன்ராறியோ அரசும் சொல்கிறது, சீட்டோடு வரும் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் உங்கள் அறிவிப்பு எல்லாப் பெற்றோருக்கும் போயிருக்கிறது. அதை நம்பி நாளை ஒரு அம்மா ஜாக்கெட்டோடேயே பிள்ளையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த அம்மாவுக்காக மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்னோ சூட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அதுதான் பிள்ளையைச் சூடாக வைத்திருக்கிறது. நாங்கள் பெல்ட்டை இழுத்து இறுக்கும்போது அது பிள்ளையின் உடம்போடு இறுகியதாகத்தான் தெரியும், உண்மையில் அந்தக் காற்றின் மேல்தான் இறுகியிருக்கும். கார் எதிலாவது மோதினால் அந்தக் காற்று ஒரு நொடிகூட நிற்காது, அமுங்கிப் போய்விடும். அதற்குப் பிறகு பெல்ட்டுக்கும் பிள்ளைக்கும் இடையில் வெறும் இடைவெளிதான். 14 கிலோ பிள்ளை 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பத்தில் ஒரு விநாடிக்குள் நிற்க வேண்டி வந்தால், ஏறக்குறைய 200 கிலோ எடை தொங்குகிற அளவு விசையை அந்தப் பெல்ட் தாங்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை பெல்ட்டுக்குள் இருந்தால்தானே அது தாங்கும்? தளர்ந்த பெல்ட்டுக்குள்ளிருந்து பிள்ளை முன்னால் பாய்ந்து முன் சீட்டில் தலையை அடித்துக்கொள்ளலாம், தோள் வழியாக முழுதாக வெளியே வந்தும் விடலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். ஸ்னோ சூட்டோடு பிள்ளையை உட்கார வைத்து, வழக்கம் போல பெல்ட்டை இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு பெல்ட்டின் நீளத்தை மாற்றாமல் பிள்ளையை வெளியே எடுத்து, ஸ்னோ சூட்டைக் கழற்றிவிட்டு, திரும்ப உட்கார வைத்துப் பூட்டுங்கள். எங்கள் வீட்டில் மகளின் காறையெலும்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் என் கை மடங்கிய முட்டியோடு நுழைந்தது. அங்கே ஒரு விரலுக்கு மேல் போகக் கூடாது. தோளுக்கு மேலே பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு வரக் கூடாது. எங்களுக்கு மடிப்பு இல்லை, ஒரு பை மாதிரித் தொங்கியது.

இப்போது அன்று மாலை நடந்ததற்கு வருகிறேன். காற்றின் குளிரையும் சேர்த்து மைனஸ் 22. உங்கள் விதிப்படி நாங்கள் உள்ளே வர முடியாது. காரை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும், ஆசிரியை பிள்ளையைக் கொண்டுவந்து கையில் தருவார், இரண்டு நிமிடத்துக்குள் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மகள் ஸ்னோ சூட்டும் பூட்ஸும் தொப்பியும் கையுறையுமாக வந்தாள். மாலை வெளியே விளையாடிவிட்டு நேரே வாசலுக்கு வந்திருக்கிறாள். முழங்கால் இரண்டும் உருகிய பனியில் நனைந்து ஊறியிருந்தன. பின் சீட்டின் மற்றப் பக்கத்தில் கைக்குழந்தை. நடுவில் ஆள் ஏறி உட்கார இடமில்லை. அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உப்புச் சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றித்தான் நான் அந்தச் சூட்டைக் கழற்ற வேண்டும். ஜிப் கணுக்கால் வரை போகும். பூட்ஸைக் கழற்றாமல் கால் வராது. பூட்ஸைக் கழற்றினால் காலுறையும் சேர்ந்து வரும். கையுறையோடு ஜிப்பைப் பிடிக்க முடியாது என்பதால் நான் என்னுடையதைக் கழற்றிவிட்டேன். பெல்ட் பூட்டின் இரும்பு நாக்குகள் தொட்டால் சுடுகிற மாதிரிக் குளிர்ந்து கிடந்தன. மகள் விறைத்துக்கொண்டு முதுகை வளைத்து அழுகிறாள். திறந்த கதவால் காரின் சூடு முழுக்க வெளியே போய், உறங்கிக்கொண்டிருந்த சின்னவனும் எழும்பிவிட்டான்.

அப்போதுதான் வாசலில் நின்ற உங்கள் ஊழியர் வந்து கண்ணாடியில் தட்டினார். "அக்கா, இந்தக் குளிருக்க பிள்ளையின்ர ஜாக்கெட்டைக் கழட்டுறீங்களோ? பின்னால கார் நிக்குது, கெதியா வெளிக்கிடுங்கோ." அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் அந்தக் குளிரில்தான் நின்றார், வரிசையை நகர்த்தச் சொல்லி அவரை நிறுத்தியது நீங்கள். ஆனால் பின்னாலிருந்து ஒருவர் ஹோர்ன் அடித்தார், அதற்குப் பின்னால் இன்னொருவர். அந்த நிமிடத்தில் என் முன் இரண்டு வழிதான் இருந்தது. பாதி கழற்றிய சூட்டைத் திரும்பப் போட்டு அதன் மேலே பெல்ட்டைக் கட்டுவது, அல்லது எல்லோரும் திட்டத் திட்ட வேலையை முடிப்பது. நான் முடித்துவிட்டுத்தான் போனேன். அப்படி நிற்க முடியாமல் முதல் வழியை எடுக்கிறவர்கள்தான் அந்த வரிசையில் அதிகம். ஒவ்வொரு மாலையும் என் கண்ணால் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியை அப்படி அமைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கதவுக்கு ஆறடி உள்ளே உங்கள் முன் மண்டபம் இருக்கிறது. சூடாக இருக்கிறது, வெளிச்சமாக இருக்கிறது, சுவரோரம் நீள வாங்கு இருக்கிறது. பொங்கலுக்குப் பிள்ளைகள் செய்த கடதாசிப் பானைகளும் கரும்பும் அங்கேதான் தொங்குகின்றன, நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறோம். கொரோனாக் காலத்தில் மூடினீர்கள், அன்று அது சரி. இன்றும் ஏன் மூடிக் கிடக்கிறது என்று கேட்டால் காப்புறுதி என்கிறீர்கள், பிறகு ஆள் பற்றாக்குறை என்கிறீர்கள். வாசலில் ஒருவர் நிற்கத்தான் செய்கிறார். அவர் கதவுக்கு உள்பக்கம் நின்றால் அவருக்கும் குளிராது.

பிள்ளைகளை வெளியே விளையாட விடுவதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. முப்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் காலநிலை இடம் கொடுத்தால் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே விளையாட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம், நல்ல சட்டம். ஸ்னோ சூட் அதற்குத்தான். பனியில் உருள்வதற்கு அது வேண்டும், கார் சீட்டுக்கு வேண்டாம். காருக்கு மெல்லிய ஃபிளீஸ் மேற்சட்டை, தொப்பி, கையுறை போதும். பெல்ட்டை உடம்போடு இறுக்கி, இரண்டு தோள் பட்டிகளையும் சேர்க்கும் நெஞ்சுக் கிளிப்பை அக்குள் உயரத்துக்கு ஏற்றிப் பூட்டிய பிறகு, ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பிக் கைகளில் மாட்டிவிடலாம், அல்லது ஒரு போர்வையை முகத்தில் படாமல் மேலே போர்த்திவிடலாம். சூடும் குறையாது, பெல்ட்டும் தளராது. கார் சூடானதும் போர்வையை எடுத்துவிடலாம், ஸ்னோ சூட்டுக்குள் வேர்த்து ஊறுகிற பிள்ளைக்கு அதுவும் முடியாது. இதையெல்லாம் செய்ய எங்களுக்குத் தெரியும். செய்வதற்கு இடமும் நேரமும்தான் நீங்கள் தர மறுக்கிறீர்கள்.

அப்பம்மா, அம்மம்மாக்களையும் நினைத்துப் பாருங்கள். பாதிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அவர்கள்தான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனிக்கே காதைச் சுற்றித் துணி கட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள். மைனஸ் இருபதில் ஜாக்கெட்டைக் கழற்று என்றால் அவர்களுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். எங்கள் மாமிக்குப் புரியவைக்க எங்களுக்கு ஒரு குளிர்காலம் முழுதும் எடுத்தது. இப்போது உங்கள் அறிவிப்பைக் காட்டி, "பார், டேகேர்லயே கழட்டாதேயெண்டு சொல்லீட்டினம்" என்கிறார். படித்தவர்கள் நடத்தும் நிலையம் சொல்வதைத்தானே அவர் நம்புவார்? அந்த அறிவிப்பு செய்த கெடுதல் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிழையாகக் கட்டினால் பொலிஸ் நிறுத்துவது ஓட்டுநரைத்தான். ஒன்ராறியோவில் அதற்கு 240 டொலர் தண்டமும் இரண்டு தண்டப் புள்ளிகளும் உண்டு. அது காசு, கட்டிவிடலாம். விபத்து நடந்தால் அதைச் சுமப்பதும் எங்கள் பிள்ளைதான். ஆனால் கட்டுவதற்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது மட்டும் நீங்கள். ஆறு மணிக்குப் பிந்தினால் நிமிடக் கணக்கில் எங்களிடம் வாங்குகிறீர்கள், நாங்கள் வாய் திறக்காமல் கட்டுகிறோம். வாய் திறக்காததற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும். நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு கட்டணத்தைக் குறைத்தது நல்லதுதான், ஆனால் இடங்களுக்கான காத்திருப்புப் பட்டியல் அப்படியே நீண்டு கிடக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுத்தவர்கள் நாங்கள். இடம் போய்விடுமோ என்ற பயத்தில் பெற்றோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். இந்தக் கடிதத்தில் தங்கள் பெயரையும் சேர்க்க விரும்பிய சிலர் கடைசியில் வேண்டாம் என்றதும் அதனால்தான்.

கடைகளின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கார் சீட்டில் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்பு முத்திரை இல்லாமல் இந்த நாட்டில் விற்க முடியாது. ஆனால் அதே அலுமாரிக்குப் பக்கத்தில், பிள்ளைக்கும் சீட்டுக்கும் நடுவில் விரிக்கும் மெத்தென்ற உறைப் பைகளை அழகழகாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டோடு சேர்த்துச் சோதிக்கப்படாத பொருள் அது. முதுகுக்குக் கீழே போவதால் ஸ்னோ சூட் செய்யும் அதே தீங்கை அதுவும் செய்யும். புதிதாக வந்த ஒரு குடும்பம் குளிருக்குப் பயந்து அதைத்தான் முதலில் வாங்கும். கார் ஓட்டுவதற்கான ஜி1 எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுத முடிகிற மாகாணம் இது. பிள்ளையைக் குளிர்காலத்தில் எப்படிக் கட்டுவது என்று தமிழில் ஒரு தாள் உங்கள் அறிவிப்புப் பலகையில் இல்லை. வீட்டில் பேசும் மொழியிலேயே பிள்ளையோடு பேசுவார்கள் என்றுதான் உங்களிடம் சேர்த்தோம். பிள்ளையின் உயிரைப் பற்றிய விஷயத்தையும் அந்த மொழியில் சொல்லக் கூடாதா?

சரி, கடைகளைக் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்டு ஆவதில்லை. உங்கள் ஆசிரியைகள் என் மகளைப் பார்த்துக்கொள்ளும் அன்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சோறு உண்ணப் பழகியதும் பாட்டுப் பாடப் பழகியதும் உங்களிடம்தான். அந்த நன்றியோடேதான் இதையும் கேட்கிறேன்.

அந்த அறிவிப்பைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். குளிர் உடுப்போடு கார் சீட்டில் கட்ட வேண்டாம் என்ற சரியான தகவலை அதே குழுவில், தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். மாலையில் முன் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். வெளி விளையாட்டு முடிந்ததும் நனைந்த ஸ்னோ சூட்டைப் பையில் போட்டு, பிள்ளையை ஃபிளீஸோடு எங்களிடம் தந்தால் இன்னும் நல்லது, வரிசையும் இப்போதையதைவிட வேகமாக நகரும். மண்டபத்தை உடனே திறக்க முடியாது என்றால், அதுவரைக்குமாவது கட்டடத்தின் பக்கவாட்டில் ஆசிரியர்களுக்கு ஒதுக்கியிருக்கும் நாலைந்து கார் நிறுத்துமிடங்களை அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எங்களுக்கு விடுங்கள். ஹோர்ன் சத்தம் இல்லாமல் பிள்ளையைக் கட்ட அது போதும்.

தை பிறந்துவிட்டது, ஆனால் இங்கே மாசியும் பங்குனியும் குளிர்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே பதில் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மாலையில் மண்டபத்தில் நின்று உதவ ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், வேறு பெற்றோரும் வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிலையத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்