பத்தாம் வகுப்புப் பாடநூல்கள் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் கிடைக்க: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் எதற்கு நாங்கள் உருவாக்கும் இலவச மின்பாடநூலுக்கு நன்கொடை என்று கேட்பீர்கள். பார்வை மாற்றுத்திறனாளி மாணவி ஒருத்தி அந்தக் கோப்பைத் தன் போனில் திறந்தால் என்ன கேட்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

ஆண்ட்ராய்டு போன்களில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டும் தமிழை வாசிக்கும், எழுத்து யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், இருந்தால். பாடநூல் பிடிஎஃப்கள் பலவும் அச்சுக்காகப் பழைய எழுத்துருக்களில் கோத்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே கலந்து கிடக்கும். திரைவாசிப்பான் அவற்றைத்தான் உச்சரிக்கும். ஒரு வரிகூடப் புரியாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுத்த அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகங்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவுக்கு நூல்களை மாற்ற அனுமதிக்கிறது. ஆக, சட்டத்தில் தடை இல்லை. வேலை செய்ய ஆள்தான் வேண்டும்.

ஆசிரியர்களும் பார்வை மாற்றுத்திறனாளிப் பட்டதாரிகளும் கணினித் தமிழ் ஆர்வலர்களும் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பத்தாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல் நூல்களை முதலில் எடுத்துக்கொண்டோம். பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றித் தந்துவிடுகிறது. ஆனால் துணைக்காலை 'ர' என்று படித்துவிடும், அட்டவணையைக் கலைத்துவிடும், வேதிச் சமன்பாட்டில் கீழே சிறியதாக வரும் எண்ணைப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிவிடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தவறான சமன்பாட்டைக் கொடுக்க முடியுமா? வரிக்கு வரி மனிதர்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

படங்கள் இன்னும் கடினம். இதயத்தின் உள்ளமைப்பு, குவிலென்சில் ஒளிக்கதிர் செல்லும் பாதை, இந்தியாவின் ஆறுகள் குறித்த வரைபடம், எல்லாவற்றையும் சொற்களில் எழுத வேண்டும். 'படத்தில் இதயம் உள்ளது' என்று எழுதினால் அது விளக்கமே ஆகாது. எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு, எந்த வால்வு வழியாக இரத்தம் செல்கிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். பாட ஆசிரியர் எழுதியதை, பார்வையில்லாத ஒரு பட்டதாரி கேட்டுப் பார்த்து 'புரிகிறது' என்ற பிறகே நூலில் சேர்க்கிறோம். இந்தப் படிநிலையை எக்காரணம் கொண்டும் விடுவதாக இல்லை.

முடிந்த நூல் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் வரும். தலைப்பு விட்டுத் தலைப்பு தாவலாம், நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம். அதே கோப்பிலிருந்து பிரெய்லும் அச்சிடலாம். படிப்பதில் குறைபாடுள்ள மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் மட்டும் கட்டணமின்றித் தருவோம்.

இரண்டு நூல்களுக்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. பெரும்பகுதி மெய்ப்புப் பார்ப்பவர்களின் ஊதியம். அவர்களில் பலர் வேலை தேடிக்கொண்டிருக்கும் பார்வை மாற்றுத்திறனாளிகள், அவர்களிடம் இலவச உழைப்பைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. மீதி, இணைய வசதி இல்லாத மாணவர்களுக்கு நூலைப் பதிந்து தரும் மெமரி கார்டுகளுக்கு. மற்றபடி குழுவினர் யாருக்கும் ஊதியம் இல்லை.

300 ரூபாய் பத்துப் பக்கங்களைத் திருத்தும். நூறு ரூபாய் என்றாலும் தயங்காமல் தாருங்கள். வருமான வரிச் சலுகைக்கான சான்று எங்களிடம் இல்லை, ரசீது கண்டிப்பாக உண்டு. ஒவ்வொரு மாத முடிவிலும் வரவு செலவுக் கணக்கை, நன்கொடை கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்புவோம். வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் உள்ள படிவத்தில் இருக்கிறது.

அறிவியலோ புவியியலோ கற்பிக்கும் ஆசிரியராக இருந்தால், பணத்தோடு வாரம் இரண்டு படங்களுக்கு விளக்கமும் எழுதித் தாருங்கள். படிவத்தின் பின்பக்கம் அதற்கென்றே இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
மின்பாடநூல் குழுவினர்