பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

பாப்பா,

போனில் அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெனீவாவில் செர்ன் துகள் ஆய்வகத்தில் உன் இரண்டாவது போஸ்ட்டாக், பிஎச்.டி.க்குப் பிந்தைய அந்தத் தற்காலிக ஆராய்ச்சி வேலை, அடுத்த வருஷம் முடிகிறது, ஜூரிக்கில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரை வைத்துப் பார்க்கிற கம்பெனி ஒன்று டேட்டா சயின்டிஸ்ட் வேலை தருகிறது, போகட்டுமா என்று கேட்டாய். கூடவே "நீங்க வருத்தப்படுவீங்களாப்பா" என்றும் கேட்டாய். அதற்குத்தான் முதலில் பதில். துளி வருத்தம் கிடையாது. மனசாரச் சொல்கிறேன், போய்ச் சேர்.

உன் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அவர் தங்கத்துக்காக இறங்கினார். 1980களில் நான் அதே ஊரில் புரோட்டானுக்காக இறங்கினேன், அணுவின் கருவில் இருக்கிற அந்தத் துகள் என்றைக்காவது சிதைகிறதா என்று பார்க்கிற சோதனையில். அவர் ஒரு நாளும் "எதுக்குடா இரும்புத் தகட்டைக் காவல் காக்கிறாய்" என்று கேட்டதில்லை, கூலி ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் கேட்பார். வேலை மாறுவது நம் வீட்டுக்குப் புதுசு இல்லை.

அந்தச் சோதனையைப் பற்றி உனக்குப் பாடமாகத் தெரியும், அங்கே வேலை எப்படி நடந்தது என்று நான் முழுசாகச் சொன்னதில்லை. தரையில் உள்ளங்கையை நீட்டினால் வானிலிருந்து வரும் மியூவான் என்கிற துகள் வினாடிக்கு ஒன்று வீதம் கடந்து போகும். 2.3 கிலோமீட்டர் கீழே போனால், மேலே இருக்கிற பாறை அவ்வளவையும் தடுத்துவிடும், ஒரு நாளைக்கு வருவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் முன்னால், 1960களில், இன்னும் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அந்தப் பூஜ்யத்தைத்தான் அங்கே இருந்த விஞ்ஞானிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்: இவ்வளவு அமைதியான இடம் என்றால், பாறையையும் துளைத்துக்கொண்டு வருகிற நியூட்ரினோ துகளை இங்கேதான் தேட வேண்டும் என்று. 1965-ல் காற்றுமண்டலத்தில் உருவாகி வருகிற நியூட்ரினோவைப் பிடித்தார்கள், அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி ஃபிரெடெரிக் ரைனெஸ் குழுவும் பிடித்தது.

நான் சேர்ந்தபோது புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கிற வேலை. 140 டன் கருவி, இரும்புத் தகடுகளுக்கு நடுவே துகள் கடந்தால் பதிவு செய்ய அடுக்கடுக்காக வாயு நிரப்பிய கவுன்ட்டர்கள். என் வேலை அந்த வாயுவையும் வோல்ட்டேஜையும் பார்த்துக்கொள்வது. கூண்டில் இறங்கி, சுரங்க வழியில் நடந்து, வியர்வையோடு போய் நின்றால் முதலில் பார்ப்பது லாக் புத்தகத்தைத்தான். முந்தைய ஷிப்டில் எந்த கவுன்ட்டர் ஓடவில்லை, எவ்வளவு நேரம் ஓடவில்லை, எல்லாம் அதில் இருக்கும். ஓடாத நேரத்தை எழுதாமல் விட்டால், வராத துகளை "வரவில்லை" என்று எப்படிச் சொல்வாய்? புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகள் கிடைத்தன. குழு அவற்றைக் "கேண்டிடேட்" என்றுதான் எழுதியது. பின்னால் ஜப்பானில் கமியோகாண்டேயும் அமெரிக்காவில் ஐ.எம்.பி. கருவியும் பெரிய தண்ணீர்த் தொட்டிகளை வைத்துத் தேடின, சிதைவு கிடைக்கவில்லை. இன்றைக்கு சூப்பர் கமியோகாண்டே சொல்வது, சிதைந்தாலும் அதன் சராசரி ஆயுள் ஒன்றுக்குப் பின் 34 சைபர் போட்ட வருஷத்துக்கும் மேல் என்று. ஆனாலும் கோலார் சோதனையின் மேல் எனக்கு இருக்கிற மரியாதை ஒரு இம்மி குறையவில்லை, ஏனென்றால் மற்றவர்கள் எடுத்துப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்கிற மாதிரி, சிதைவு மாதிரியே தோன்றும் பின்னணியாக எது வரலாம் என்பதையும் சேர்த்தே வெளியிட்டார்கள்.

அப்புறம் மும்பைக்கு வந்து உன் செர்னில் இருக்கிற சி.எம்.எஸ். கருவிக்கு, துகளின் ஆற்றலை அளக்கிற வெளிப்புற ஹாட்ரான் கலோரிமீட்டருக்கு, துகள் பட்டால் மினுங்குகிற சின்டிலேட்டர் தகடுகள் செய்தோம், டி.ஐ.எஃப்.ஆர். ஆராய்ச்சி நிறுவனமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து. தகட்டில் கிரேக்க எழுத்து சிக்மா மாதிரி பள்ளம் வெட்டி, அதில் அந்த வெளிச்சத்தைக் கொண்டுபோகிற ஃபைபரைப் படுக்க வைத்து, வெள்ளை டைவெக் தாளைச் சுற்றி, அதற்கு மேல் கறுப்பு உறை. எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் புகுந்தாலும் அந்தத் தகடு துகள் வராமலேயே சிக்னல் கொடுக்கும். ஒவ்வொன்றாக வெளிச்சக் கசிவு பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் போகும்.

சொந்தக்காரர்கள் "இவ்வளவு படிச்சிட்டு கடைசியில ஐ.டி.க்கா" என்று பேசுவார்கள். பேசட்டும். நீ இத்தனை வருஷமாகச் செய்ததே அந்த வேலைதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் கொத்துகள் வினாடிக்கு 4 கோடி முறை எதிரெதிரே கடக்கின்றன, டிரிகர் என்கிற வடிகட்டியின் முதல் கட்டம் அதை ஒரு லட்சமாக வெட்டுகிறது, அடுத்த கட்டம் சில ஆயிரமாக. எதைத் தூக்கிப் போடலாம் என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிவு செய்கிற அமைப்பில், தூக்கிப் போட்டதில் எதை இழந்தோம் என்று கணக்குப் போட்டவள் நீ. 2014-ல் செர்னின் இன்னொரு கருவியான அட்லஸின் குழு ஹிக்ஸ் துகளைத் தேடுகிற டேட்டாவைப் போட்டியாக வெளியே விட்டபோது 1,700 அணிகளுக்கு மேல் கலந்துகொண்டன, இன்று எல்லாக் கம்பெனியிலும் ஓடுகிற எக்ஸ்ஜிபூஸ்ட் என்கிற கணிப்பு மென்பொருள் பரவலாகத் தெரியவந்தது அந்தப் போட்டியில்தான். நீ போகிற துறை உன் துறைக்கு அந்நியம் இல்லை.

நிரந்தர வேலை கிடைக்காததை உன் குறையாக எடுத்துக்கொள்ளாதே. 2015-ல் அட்லஸும் சி.எம்.எஸ்ஸும் சேர்ந்து ஹிக்ஸின் நிறையை வெளியிட்ட கட்டுரையில் 5,154 பேர் பெயர். அவ்வளவு பேருக்கும் பேராசிரியர் நாற்காலி எந்த நாட்டில் இருக்கிறது? தேனி பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது நீ இங்கே வந்துவிடுவாய் என்று அம்மா ஆசைப்பட்டாள். எதிர்ப்பு, வழக்கு என்று அது நின்றுபோனது, அந்த ஊர் மக்கள் கேட்ட கேள்விகளிலும் நியாயம் இருந்தது. சரி, அதை விடு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2015 டிசம்பரில் 750 ஜி.இ.வி. என்கிற நிறை அளவில், புதுத் துகளோ என்று நினைக்கிற மாதிரி வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தது நினைவிருக்கிறதா? அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டு கருவியிலும் அதே இடத்தில். ஒரு வருஷத்துக்குள் அதை விளக்கி 500 கட்டுரை போல வந்தன. 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் கூடுதல் டேட்டாவைக் காட்டினார்கள், மேடு காணோம். இரண்டு குழுவும் அதைக் கண்டுபிடிப்பு என்று ஒருபோதும் சொல்லவில்லை, 5 சிக்மா, அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு என்கிற அளவு, வராமல் அந்த வார்த்தையைத் தொடக்கூடாது என்பது உங்கள் ஊர்க் கட்டுப்பாடு. நீ போகிற இடத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. "94 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்று ஒரு எண் வந்தால் போதும், அதை ஸ்லைடில் போட்டு விற்பனைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பிழை எவ்வளவு என்று யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் நீ சொல்ல வேண்டும், பாப்பா.

நீ சேரப்போகிற துறையிலேயே உதாரணம் இருக்கிறது. 2018-ல் ஒரு ஆய்வு வந்தது, மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டர் மாடல்களைப் பற்றி. நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனைப் படங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நிமோனியா, மற்ற இரண்டு இடத்துப் படங்களில் நூற்றுக்கு ஒன்று. மாடலுக்கோ படத்தைப் பார்த்தே அது எந்த மருத்துவமனை என்று கிட்டத்தட்ட தவறாமல் சொல்ல முடிந்தது. இடம் தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்காமலேயே பாதி விடை வந்துவிடுகிறதே! பார்க்காத மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் தடுமாறியது. உங்கள் பாஷையில் இது சுத்தமான சிஸ்டமாட்டிக் எரர், முறையிலேயே புகுந்துவிட்ட பிழை. எங்கள் தகட்டில் புகுந்த வெளிச்சமும் இதேதான், துகள் வராமல் வந்த சிக்னல். அங்கே அது ஒரு வரைபடத்தைக் கெடுக்கும். இங்கே மூச்சு விட முடியாத ஒரு ஆளை "ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அதனால் முதல் வாரமே கேள்: படங்கள் எந்தெந்த ஆஸ்பத்திரி, எந்தெந்த மெஷின்? நடமாட முடியாத நோயாளிக்குப் படுக்கையிலேயே எடுத்த படம் எத்தனை? எந்த வயது, எந்த மக்கள் அதில் இல்லவே இல்லை? கொஞ்சம் டேட்டாவை மூடி சீல் வைத்துவிட்டு, மாடல் முடிந்தபின் ஒரே ஒரு முறை திறக்கிற பழக்கத்தை அங்கேயும் கொண்டு போ. "கஸ்டமருக்கு இதெல்லாம் புரியாது, எடுத்துடுங்க" என்று பிழை அளவைக் காட்டுகிற பிளஸ் ஆர் மைனஸை அழிக்கச் சொல்வார்கள். சண்டை போடாதே, மரியாதையாகவே பேசு, ஆனால் அழிக்காதே. டாக்டர்களுக்கு நன்றாகவே புரியும்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு வேலை. உன் அனலிசிஸ் கட்டுரை வெளிவரும்போது பெயர் பட்டியலில் நீ இருப்பாயா என்று குழுத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. புதுக் கம்பெனியில் நீ எழுதும் முறைகளை வெளியே கட்டுரையாகப் போட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பார், இல்லை என்றால் கேட்டுச் சேர்க்கச் சொல். விசா விஷயத்தையும் இப்போதே விசாரி, வேலை மாறும்போது இழுத்தடிப்பார்களாம். அம்மா பருப்புப்பொடி அனுப்புகிறாள், ஜெனீவா முகவரிக்கா ஜூரிக்குக்கா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அப்பா