வீட்டுக்கு அனுப்பும் முன் கண்களையும் பாருங்கள்

மகப்பேறு மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர்களுக்கும் பிரசவ வார்டு செவிலியர்களுக்கும் வணக்கம்.

என் மகளின் வலது கண்ணில் பிறவிக் கண்புரை இருப்பது தெரிந்தபோது அவளுக்கு ஏழு மாதம். சோறூட்டிய அன்று எடுத்த படத்தில் இடது கண்ணின் பாப்பா சிவப்பாகவும் வலது கண்ணின் பாப்பா வெள்ளையாகவும் விழுந்திருந்தது. அதுவரை யாருக்கும் ஐயம் வரவில்லை. முகம் பார்த்துச் சிரித்தாள், காட்டிய பொம்மையைப் பிடித்தாள். எல்லாம் ஒற்றைக் கண்ணின் உழைப்பு.

புரையை எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடும் என்றுதான் நம்பினோம். மூளையும் பார்க்கப் பழக வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. 1960களில் மூளை ஆய்வாளர்களான டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இமையோடு தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது கண்ணில் பழுதில்லை. ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்குரிய இடத்தை மற்றக் கண் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைகளுக்கு அப்படி நேரவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொடிய சோதனைதான், அது தந்த அறிவையாவது வீணாக்காமல் இருப்போம்.

ஒரு கண்ணில் மட்டும் புரை என்றால் ஏறத்தாழ 6 வாரத்துக்குள் அறுவை செய்வது நல்லது என்கிறார்கள் குழந்தைக் கண் மருத்துவர்கள். நம் ஊரில் பல குழந்தைகள் மருத்துவமனைக்குத் திரும்பி வருவதே 45ஆம் நாள் ஊசிக்குத்தான். அதற்குள் கெடு தாண்டிவிடுகிறது.

இந்தியாவில் மூளை ஆய்வாளர் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், இரு கண்ணிலும் புரையோடு பிறந்து பல ஆண்டு கழித்து அறுவை பெற்ற பிள்ளைகளும் பொருள்களை இனங்காணக் கற்கிறார்கள். அந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் பார்வைக் கூர்மை முழுதாகத் திரும்புவதில்லை.

அறுவை முடிந்தபின், வலது கண் பார்க்கப் பழகட்டும் என்று தினமும் மகளின் நல்ல கண்ணில் பட்டை ஒட்டுகிறேன். ஒட்டியதும் அழுவாள். காலடியில் கிடக்கும் கிலுகிலுப்பையைத் தரையெங்கும் கையால் துழாவுவாள். நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் எடை, ரத்த வகை, போட்ட ஊசிகள் எல்லாம் இருக்கின்றன. கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறை விளக்கைக் குறைத்து, கண்ணுக்குள் பார்க்கும் கருவியான ஆஃப்தால்மாஸ்கோப்பின் ஒளியில் இரு கண்ணிலும் ஒரே மாதிரிச் செம்மை தெரிகிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். பார்த்ததை அந்தச் சீட்டில் எழுதுங்கள். ஒரு கண் வேறாகத் தெரிந்தால், ஊசி நாள் வரை காத்திருக்கச் சொல்லாமல் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்