மோனிகாவின் பார்வை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ‘திரையில் காமம்’ கட்டுரையை ஆவலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் ‘சம்மர் வித் மோனிகா’ (1953) படத்துக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி: நிர்வாணத்தைத் துணிச்சலாகக் காட்டிய ஸ்வீடன் படமாம். அவ்வளவுதானா?

இதையேதான் க்ரோகர் பாப் என்ற அமெரிக்க வியாபாரியும் நினைத்தார். 1955-இல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படத்தை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே ஓடும்படி நறுக்கி, இசையையும் மாற்றி, ‘ஒரு கெட்ட பெண்ணின் கதை’ என்று ஊர் ஊராக ஓட்டினார். நமக்கு இது புதிதில்லை. எண்பதுகளில் நல்ல மலையாளப் படங்களுக்கு எங்கள் ஊர்க் கொட்டகையில் எப்படிப்பட்ட போஸ்டர் ஒட்டினார்கள் என்று என் வயதுக்காரர்களைக் கேளுங்கள்.

ஃபிலிம் சொசைட்டியில் முழுப் படத்தையும் பார்த்தபோது எனக்கு மனதில் நின்றது அந்த நிர்வாணக் குளியல் காட்சி இல்லை. காய்கறிக் கடையில் வேலை செய்த மோனிகா, காதலனோடு படகில் ஓடிப்போய் ஒரு தீவில் கோடையைக் கழிக்கிறாள். கையில் இருந்தது தீர்ந்துவிடுகிறது. ஒரு வீட்டில் திருடப் போய் மாட்டிக்கொண்டு, தப்பிக்கிறபோது மேஜையில் இருந்த இறைச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து பிய்த்துத் தின்கிறாள். காமத்துக்கும் பசிக்கும் ஒரே உடம்புதான் என்பதை இதைவிடப் பச்சையாக யார் காட்டினார்கள்?

அப்புறம் அந்த கஃபே காட்சி. ஊர் திரும்பிக் குழந்தையும் பிறந்த பிறகு, வேறொருவனோடு உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். மெல்லத் திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறாள். பின்னணி இருண்டுபோகிறது, முகம் மட்டும் மிச்சம். கிட்டத்தட்ட அரை நிமிடம் பார்வையை எடுக்கவே மாட்டாள். இவ்வளவு நேரம் அவளை வேடிக்கை பார்த்த நமக்குக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. சினிமா வரலாற்றிலேயே மிகச் சோகமான ஷாட் என்று 1958-இல் பிரெஞ்சு இயக்குநர் கோதார் எழுதியது இதைத்தான்.

இந்தப் படம் விட்டுப்போன சொத்து அந்தப் பார்வைதான் என்பது என் கட்சி. இன்னொரு பிரெஞ்சு இயக்குநரான த்ரூஃபோவின் ‘தி 400 ப்ளோஸ்’ (1959) படத்தில் இரண்டு பையன்கள் தியேட்டர் வாசலில் இருந்து ஒரு ஸ்டில்லைத் திருடுவார்கள். அதில் இருப்பது மோனிகாவாக நடித்த ஹேரியட் ஆண்டர்சன். அந்தப் பையன்களில் ஒருவன்தான் படத்தின் முடிவில் கடற்கரையில் ஓடிவந்து, திரும்பி, நம்மை நேராகப் பார்த்து உறைந்து நிற்கிறான். போட்டோவோடு பார்வையையும் சேர்த்துத் திருடிவிட்டான் போல!

கட்டுரை அடுத்த இதழிலும் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். சரி, போடுங்கள். குளியல் ஸ்டில்லை ஏற்கெனவே அரைப் பக்கத்துக்கு அச்சிட்டுவிட்டீர்கள்; இந்த முறை கஃபே ஸ்டில்லைப் போட முடியுமா?

இப்படிக்கு,
பழைய ஃபிலிம் சொசைட்டி உறுப்பினர் ஒருவர்,
கும்பகோணம்.