பரணில் கிடக்கும் சிவகாசிக்கு உங்கள் நன்கொடை வேண்டும்

அன்புடையீர், வணக்கம். சிவகாசித் தெருக்களின் வரலாற்றைப் புத்தகமாகத் தொகுக்கிறோம். அதற்கு உதவி கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை சிவகாசியில் யாருக்கும் புதிதல்ல. 1923-ல் ஜெர்மன் இயந்திரத்தோடு தொடங்கினார்கள். அது கட்டுப்படியாகாமல் கைவேலைக்கு மாறினார்கள். 1926-ல் தொழிலைப் பிரித்துக்கொண்டு ஒருவர் அணில் மார்க், மற்றவர் காக்கா மார்க் என்று நடத்தினார்கள். அய்ய நாடார் நகராட்சித் தலைவராக இருந்ததும் 1963-ல் கல்லூரி தொடங்கியதும் விழா மலர்களில் பலமுறை அச்சான செய்திகள்தான்.

அவர்களைச் சுற்றியிருந்த தெருக்களின் கதைதான் அச்சாகவில்லை. கைவேலைக்கு மாறிய அந்த முடிவால்தான் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் ஆலை வீட்டுத் திண்ணைவரை வந்தது. பெட்டி ஒட்ட இயந்திரம் வேண்டாம். பசையும் பழகிய விரலும் போதும். மழை பொய்த்த கரிசல் காட்டில் எத்தனையோ வீட்டு அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ (கல்லச்சு) அச்சகம் வேண்டும். அச்சகங்கள் பெருகியபின் காலண்டர் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள் இங்கே அச்சாகி ஊர் ஊராகப் போயின. படத்தில் ஓவியர் பெயர் இருக்கும். ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக லித்தோ கல்லில் வரைந்து இறக்கியவர் பெயர் இருக்காது. அந்தப் பெயர்களைத்தான் தேடுகிறோம்.

கூலிச் சிட்டை, பேரேடு, லேபிள் ஆல்பம், ஆலை வாசலில் எடுத்த குரூப் போட்டோ என்று வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது இவைதான் முதலில் எடைக்குப் போகின்றன.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம்: இந்தப் புத்தகம் பாராட்டு மலர் அல்ல. பெட்டி ஒட்டிய கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. குழந்தைத் தொழிலாளர் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன முக்கியமான தீர்ப்பு இந்த ஊர் வழக்கில் வந்ததுதான். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு இல்லை, விளம்பரம். பெருந்தொகை கொடுத்தவர் வீட்டுக் கதை என்பதற்காக ஒரு வரியையும் மாற்ற மாட்டோம். சம்மதமுள்ளவர்கள் கொடுத்தால் போதும்.

சரி, பணம் எதற்கு? புத்தக அச்சுக்கு இல்லை. சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு அச்சுச் செலவுக்குக் கை நீட்டினால் ஊரே சிரிக்கும். அதை நம் அச்சகத்தாரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். பெரிய அளவு பேரேடுகளை மடக்காமல் எடுக்கும் ஸ்கேனர் ஒன்று வேண்டும். பேட்டிகளைப் பதிவு செய்து, தட்டச்சு செய்து தரும் கல்லூரி மாணவர்களுக்குச் சம்பளம் வேண்டும். இலவசமாக அவர்களை வேலை வாங்க எங்களுக்கு மனமில்லை, அதுவும் இந்தப் புத்தகத்துக்காக. அப்புறம் போட்டோக்களும் லேபிள்களும் செல்லரிக்காமல் வைக்கப் பெட்டிகள் வாங்க வேண்டும்.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை விடும் நாட்களில் பேட்டிகளைத் தொடங்குகிறோம். 80 வயதைத் தாண்டிய ஆச்சிகளிடம் முதலில் போகிறோம். அதற்குள் ஸ்கேனர் வந்துவிட்டால் நல்லது.

100 ரூபாயும் எங்களுக்கு நன்கொடைதான். குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். பணம் தர வசதிப்படாத அண்ணாச்சிமார், அக்காமார் பரணில் இருப்பதை இரண்டு நாள் இரவல் கொடுங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு, வாங்கியபடியே வீட்டில் கொண்டுவந்து தருவோம்.

இப்படிக்கு,
தெரு வரலாற்றுத் தொகுப்புக் குழுவினர்,
சிவகாசி