கட்டடத்தோடு ஆளுக்கும் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெவ்வேறு வேலை செய்பவர்கள் ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுப் பணியிடங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை மிச்சம், இணைய வேகம், சந்திப்பு அறை வசதி, தினசரி அலைச்சல் குறைவது என எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தார்கள். இதனால் சுற்றியிருக்கும் மக்களுக்கு என்ன நன்மை என்ற கேள்வியை மட்டும் 'புதிய யோசனைகள் பிறக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தெரிந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். நூலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு கூட்டுப் பணியிடத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். யோசனை எப்படிப் பிறக்கிறது, எங்கே பிறக்காமல் போகிறது என்று அருகில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தின் மூலை அறையை மாலை நேரங்களில் ஒரு தன்னார்வக் குழு பயன்படுத்துகிறது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்பவர்கள். வரலாறும் இலக்கியமும் தடங்கல் இல்லாமல் போய்விடும். புவியியல் வந்தால் வேலை நின்றுவிடும். 'வரைபடத்தைப் பார்க்க' என்ற வரி வரும் இடத்தில் எதை வாசிப்பது? ஆறு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று வாயால் விவரித்துப் பார்த்தார்கள். கேட்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இதே கூடத்தில் பகலில் ஓர் இளைஞர் கட்டட மாதிரிகள் செய்துகொடுக்கும் தொழில் நடத்துகிறார். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கிறார். அவர் கிளம்பும் நேரமும் இவர்கள் வரும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். வாசலில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பார்கள், கடந்து போவார்கள். மாதக்கணக்கில் இப்படியே போனது.

இரு தரப்பின் வேலையும் எனக்குத் தெரியும் என்பதால், ஒருநாள் அந்த இளைஞரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லி அவர்களிடம் அழைத்துப்போனேன். நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த வாரமே விரலால் தடவிப் பார்க்கும் வரைபடம் ஒன்றைச் செய்துகொண்டு வந்துவிட்டார். கண்ணால் பார்த்தால் அத்தனை அழகு. ஆனால் தடவிப் பார்த்த மாணவிக்கு ஆறும் எல்லைக்கோடும் ஒரே மாதிரி இருந்தன. அந்தப் பெண் தயங்கவே இல்லை. "ஆறு வழவழப்பா இருக்கட்டும், எல்லையைப் புள்ளிப் புள்ளியா வைங்க. ஊர்ப் பெயரைக் கோட்டோட ஒட்டாம தள்ளி வைங்க, விரல் போக இடம் வேணும்" என்றாள். மலையும் மழையும் ஆறும் ஒரே தகட்டில் இருந்தால் குழப்பம், தனித்தனித் தகடாகப் போடுங்கள் என்றும் சொன்னாள். தகட்டைப் படுக்கவைத்து அச்சிடும்போது பிரெயில் புள்ளிகள் சொரசொரப்பாக வருகின்றன, நிற்கவைத்து அச்சிட்டால் மழமழவென்று வருகின்றன என்பதை அந்த இளைஞர் பிறகு கண்டுபிடித்தார். ஜன்னலோர மேசையில் இருக்கும் கணக்காளர், இதற்கு வரும் நன்கொடையை முறையாக வாங்க வேண்டுமானால் குழுவை அறக்கட்டளையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தானாகவே எழுந்து வந்து சொன்னார்; பதிவும் செய்து கொடுத்தார். இப்போது அந்த வரைபடக் கோப்புகளை யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அச்சு இயந்திரம் இருக்கிற எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் மூன்று விஷயம் சேர்ந்தது. வெவ்வேறு வேலை செய்பவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவர்களை ஒருவர் அறிமுகப்படுத்தினார். யாருக்காகச் செய்கிறோமோ அவரே அங்கே வந்து உட்கார்ந்து குறை சொன்னார். புதிதாக இப்படி இடம் அமைக்கிறவர்கள் முதலாவதற்கு மட்டும் பணம் செலவழிக்கிறார்கள். மற்ற இரண்டும் தானாக நடக்கும் என்று நம்புகிறார்கள். தானாக நடக்காது.

அருகில் இருப்பது முக்கியம்தான், மறுக்கவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களிலேயே இதை அளந்து காட்டினார்: இரண்டு பேரின் இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவர்கள் வேலை பற்றிப் பேசிக்கொள்வது வேகமாகக் குறைகிறது, சுமார் 50 மீட்டரைத் தாண்டினால் பேச்சே அரிதாகிவிடுகிறது. சரி, அப்படியென்றால் சுவர்களை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தால் போதுமா? போதாது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை நீக்கித் திறந்த கூடமாக மாற்றிய இரண்டு பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் கழுத்தில் உணர்கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்குப் பதிலாக மின்னஞ்சல் அனுப்புவது கூடியிருந்தது. நான்கு பக்கமும் ஆட்கள் பார்க்கும் இடத்தில் மனிதன் தனக்கென்று ஒரு சுவரை எழுப்பிக்கொள்வது இயல்புதானே. அந்தச் சுவரைத் தட்டிக் கேட்க, இரு பக்கத்தாருக்கும் நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும்.

கூட்டுப் பணியிடங்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2005 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற கணினி நிரலாளர், ஸ்பைரல் மியூஸ் என்ற பெண்கள் அமைப்பின் இடத்தில் வாரம் இரண்டு நாள் மேசை போட்டுக் கூட்டுப் பணியிடத்தைத் தொடங்கினார். முதல் மாதம் ஒருவர்கூட வரவில்லை. மேசை இருந்தது, இணையம் இருந்தது, கதவும் திறந்திருந்தது. அவர் வெளியே போய்த் துண்டறிக்கை கொடுத்து ஆட்களிடம் பேசிய பிறகுதான் ஆள் வரத் தொடங்கியது.

அதற்கும் ஓராண்டு முன்பு, 2004-இல், கனடாவின் டொரண்டோவில் சமூகப் புதுமைக்கான மையம் தொடங்கியது. தொண்டு அமைப்புகளும் சிறு தொழில்களும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தில் சில மணி நேரம் வரவேற்பு மேசையில் இருந்து, வருபவர்களைக் கவனித்து, இன்னாரை இன்னாரிடம் சேர்த்துவைக்கும் வேலையைச் செய்பவருக்கு, அதற்கு ஈடாக இருக்கை கொடுத்துவிடுகிறார்கள். கட்டணம் கட்ட வழியில்லாதவரும் உள்ளே வர முடிகிறது, அறிமுக வேலையும் நடக்கிறது. 2010-இல் அவர்கள் சொந்தக் கட்டடம் வாங்கியபோது சமூகக் கடன்பத்திரம் வெளியிட்டு, ஆர்வமுள்ள மக்களிடமிருந்தே 20 லட்சம் கனடிய டாலர் திரட்டினார்கள். மாநகர நிர்வாகம் அவர்களுடைய வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. இடம் தங்களுக்கே சொந்தமாக இருந்தால் வாடகை ஏறியதும் விரட்டப்பட மாட்டோம் என்ற தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் இல்லாத இடத்தில் யாரும் மூன்று வருடம் பிடிக்கிற வேலையைத் தொடங்கமாட்டார்கள்.

2005-இல் லண்டனில் தொடங்கிய இம்பேக்ட் ஹப் என்ற கூட்டுப் பணியிடமும் 'வரவேற்பாளர்' என்பவரைத் தனிப் பொறுப்பாகவே வைத்து வளர்ந்தது. பிறகு பல நாடுகளில் கிளைத்தபோது, தலைமையகம் ஆட்டிவைக்கும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு ஊரின் மையத்துக்கும் ஒரு வாக்கு என்ற கூட்டமைப்பாக மாறிக்கொண்டது.

கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஐஹப் என்ற பணியிடம் 2010-இல் திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் ஒரு கசப்பான காலம் இருக்கிறது. 2007 டிசம்பர் தேர்தலை அடுத்து கென்யாவில் கலவரம் வெடித்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் குறுஞ்செய்தியில் அனுப்பியதை வரைபடத்தில் ஏற்றிக் காட்ட 2008 ஜனவரியில் சில பேர் அவசரமாக உருவாக்கியதுதான் உஷாஹிடி என்ற இணையதளம். அவர்கள் சந்தித்துக்கொள்ள அன்று நிரந்தரமாக ஓர் இடம் கிடையாது. அந்தக் குழுவிலிருந்து பிறந்த எண்ணமே ஐஹப். தொழில்நுட்பத் துறைக்கு வரும் பெண்களுக்காகத் தொடங்கிய அகிராசிக்ஸ் குழு அங்கேதான் கூடியது. அந்த வட்டத்திலிருந்து மூன்று பெண்கள் எம்-ஃபார்ம் என்ற சேவையைத் தொடங்கினார்கள். விவசாயி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிச் சந்தையில் அன்றைய விலையைத் தெரிந்துகொள்ள முடிந்தது. இடைத்தரகர் சொல்வதே விலை என்றிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

டோகோ நாட்டின் லோமே நகரில் 2012-இல் தொடங்கிய வோலாப் என்ற பணியிடத்தில், தூக்கியெறியப்பட்ட கணினி, ஸ்கேனர் பாகங்களைக் கொண்டு அஃபேட் நிகூ என்பவர் முப்பரிமாண அச்சு இயந்திரமே செய்துவிட்டார். நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. புனேவுக்கு அருகே பாபல் கிராமத்தில் 1983-இல் டாக்டர் கல்பாக் தொடங்கிய விக்ஞான் ஆசிரமத்தில், எம்ஐடியின் நீல் கெர்ஷென்ஃபெல்டு முன்னெடுத்த 'ஃபேப் லேப்' என்ற, கணினி வழி இயங்கும் கருவிகளால் பொருள்களைச் செய்துபார்க்கும் பட்டறை 2002-இலேயே அமைந்தது. எம்ஐடிக்கு வெளியே அமைந்த முதல் சிலவற்றில் அதுவும் ஒன்று. கிராமத்துப் பிள்ளைகள் கையால் செய்து படிக்கும் ஒரு பள்ளிக்குள் அந்த இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. அதனால் எது தேவை என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் 'மென்ஸ் ஷெட்' பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வுபெற்ற ஆண்கள் சேர்ந்து மரவேலையும் பழுதுபார்ப்பும் செய்யும் பட்டறைகள். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம் திறக்கமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது பேசிவிடுவார்கள் என்பது அவர்கள் அனுபவம். எங்கள் கூடத்தில் நான் பார்த்ததும் அதுதான். கூட்டம் போட்டு 'சமூகப் பிரச்சினைக்குத் தீர்வு சொல்லுங்கள்' என்றால் எல்லோரும் நாற்காலியைப் பார்க்கிறார்கள். பழுதான ஒரு இயந்திரத்தைச் சுற்றி நிற்கும்போது உண்மையான பிரச்சினை வெளியே வருகிறது.

ஒருங்கிணைப்பாளர் அப்படி என்னதான் செய்கிறார் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். புதிதாகச் சேருபவரிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். இப்போது உங்கள் வேலையில் எது முட்டிக்கொண்டு நிற்கிறது? பிறருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க முடியும்? பதிலை நோட்டில் எழுதிவைப்பேன். நூலகத்தில் இன்னார் இன்ன புத்தகம் தேடினார் என்று நினைவில் வைத்த பழக்கம் இதற்கு உதவுகிறது. யாரை எப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்ற நிதானமும் வேண்டும். பெரும்பாலான அறிமுகங்கள் ஒரு கைகுலுக்கலோடு முடிந்துவிடும். அது பரவாயில்லை. எது முளைக்கும் என்று முன்கூட்டியே தெரியாததால்தான் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் தற்காலிக ஊழியரால், பாவம், பெயர்களைக்கூட நினைவில் வைக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பணியிடம் பெரும் செலவில் திறக்கப்பட்டது. பெயர் வேண்டாம். நல்ல கட்டடம், நல்ல நாற்காலிகள். உள்ளே ஒரு காவலாளியும் வருகைப் பதிவேடும் மட்டும் இருந்தார்கள். மாலை 5 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வேலைக்குப் போகிறவரும் படிக்கிறவரும் வர முடிவதே மாலை 5 மணிக்கு மேல்தான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே தொழில்காரர்கள், ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அவர்களும் சீக்கிரம் குறைந்துபோனார்கள். 'மக்களிடம் ஆர்வம் இல்லை' என்று அறிக்கை எழுதி மூடிவிட்டார்கள். மக்கள் மேல் போடப்பட்ட அந்தப் பழி இன்றும் என்னை வருத்துகிறது. ஆர்வம் இருந்ததா என்று அங்கே யாரும் யாரிடமும் கேட்டதே இல்லை.

ஆகவே இத்தகைய இடங்களுக்கு நிதி ஒதுக்கும் உள்ளாட்சி அமைப்புகளையும் அறக்கட்டளைகளையும் கேட்டுக்கொள்வது இதுதான். திட்ட மதிப்பீட்டில் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தைத் தனி வரியாகச் சேருங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் சேருங்கள். நாற்காலிகளில் ஒன்றிரண்டைக் குறைத்தாவது சேருங்கள். சில இருக்கைகளைக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு என்று ஒதுக்கி, அதற்கு ஈடாகச் சில மணி நேர உழைப்பை வாங்கிக்கொள்ளலாம். மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்கட்டும். சக்கர நாற்காலி உள்ளே வரும்படி வாசல் இருக்கட்டும். ஆண்டு அறிக்கை கேட்கும்போது எத்தனை இருக்கை நிரம்பியது என்பதோடு, யாரும் யாரும் சேர்ந்து எதைத் தொடங்கினார்கள், அது யாருக்குப் பயன்பட்டது என்றும் கேளுங்கள்.

தங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். அடுத்த கட்டுரைக்கு முன் நிருபர் யாராவது ஒரு கூட்டுப் பணியிடத்தில் காலை முதல் இரவு வரை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். நிர்வாகியைவிட அதிகமாக, அங்கே வேலை செய்பவர்களிடமும், வெளியிலிருந்து உதவி கேட்டு வந்தவர்களிடமும் பேசட்டும். தொடுவரைபடக் கோப்புகள் தேவைப்படும் ஆசிரியர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், எனக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழுவிடம் நான் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
கூட்டுப் பணியிட ஒருங்கிணைப்பாளர்